விவிலிய மூலபாட ஆய்வும் தமிழ் மொழிபெயர்ப்புகளும்

விவிலிய மூலபாட ஆய்வு என்பது, விவிலிய நூல்களின் கையெழுத்துப் படிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அவற்றில் காணப்படும் பாட வேறுபாடுகளை ஆராய்ந்து, நூலாசிரியர் எழுதிய பாடத்திற்கு இயன்றவரை நெருங்கிய பாடத்தை நிறுவ முயலும் கல்வித்துறை ஆகும். விவிலியத்தின் வரலாற்றையும் மொழியையும் ஆராயும் பிற துறைகள் அனைத்திற்கும் இதுவே அடித்தளமாக உள்ளது.

தமிழில் பரவலாகப் பயன்படும் இரண்டு விவிலியங்களை அருகருகே வைத்துப் படிப்போர், சில வசனங்கள் ஒன்றில் இடம்பெற்று மற்றொன்றில் அடிக்குறிப்பிலோ அடைப்புக்குறிக்குள்ளோ இருப்பதைக் காணலாம். இவற்றுள் முதலாவது, 1871 ஆம் ஆண்டில் நிறைவுற்றதும் சீர்திருத்தத் திருச்சபைகளில் பெரிதும் வழங்குவதுமான "பவர் திருப்புதல்" ஆகும். இரண்டாவது, 1995 ஆம் ஆண்டில் வெளிவந்த "திருவிவிலியம் - பொது மொழிபெயர்ப்பு" ஆகும். மேற்கண்ட வேறுபாடு மொழிபெயர்ப்பாளர்களின் விருப்பு வெறுப்பினால் ஏற்பட்டதன்று. இரண்டும் வெவ்வேறு காலத்து கிரேக்கப் பதிப்புகளை மூலமாகக் கொண்டவை என்பதே அதற்குக் காரணம்.

மூலபாட ஆய்வின் தேவை

விவிலிய நூலாசிரியர்கள் தம் கைப்பட எழுதிய ஏடு எதுவும் இன்று கிடைக்கவில்லை. கிடைப்பவை அனைத்தும் படிகளும் படிகளின் படிகளுமே ஆகும். புதிய ஏற்பாட்டுக்கு மட்டும் 5000க்கும் மேற்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் படிகள் உள்ளன. அவற்றுள் சில, சில வரிகள் மட்டும் கொண்ட பாப்பிரசுத் துண்டுகள். சில, முழு நூல்கள். அச்சு இயந்திரம் வருவதற்கு முன் ஒவ்வொரு படியும் கையால் எழுதப்பட்டதால், படிக்குப் படி வேறுபாடுகள் தோன்றின.

இந்நிலை தமிழ் மாணவர்களுக்குப் புதியதன்று. சங்க நூல்களையும் காப்பியங்களையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகியோர் எதிர்கொண்டதும் இதே சிக்கல்தான். உ. வே. சா. 1887 ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏட்டுச் சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டே பாடத்தை முடிவு செய்தார். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமை, எகர ஏகார வேறுபாடு காட்டாமை போன்றவை குழப்பம் விளைவித்தன. அதுபோலவே பழைய கிரேக்கப் படிகளில் சொற்களுக்கிடையே இடைவெளியின்றி பெரிய எழுத்துகளால் தொடர்ச்சியாக எழுதும் வழக்கம் பிழைகளுக்கு இடமளித்தது.

வேறுபாடுகள் தோன்றிய விதம்

வேறுபாடுகளை இரு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, அறியாமல் நேர்ந்தவை. ஒரே சொல்லில் முடியும் இரு வரிகளுள் முதலாவதை எழுதி முடித்த எழுத்தரின் கண், மூல ஏட்டில் இரண்டாம் வரியின் முடிவுக்குத் தாவிவிடும். இடையில் உள்ளது விடுபட்டுப்போகும். ஒத்த ஒலியுடைய எழுத்துகள் மாறுவதும் உண்டு.

இரண்டாம் வகை, அறிந்து செய்தவை. ஒரு நற்செய்தியில் உள்ள தொடரை மற்றொரு நற்செய்தியில் உள்ளதற்கு ஏற்ப இசைவிப்பது, கடினமான தொடரை எளிமையாக்குவது, ஏட்டின் ஓரத்தில் எழுதப்பட்ட விளக்கத்தை அடுத்த படியில் மூலத்தினுள் சேர்ப்பது முதலியன இதில் அடங்கும். இவை பெரும்பாலும் ஏமாற்றும் நோக்கின்றி, முன்னோர் பிழையைத் திருத்துவதாக எண்ணிச் செய்யப்பட்டவை.

பாடத்தை முடிவு செய்யும் முறை

எத்தனை படிகளில் ஒரு பாடம் உள்ளது என்பதை மட்டும் கொண்டு முடிவு செய்வதில்லை. பிழையுள்ள ஓர் ஏட்டிலிருந்து நூறு படிகள் எடுக்கப்பட்டிருந்தால் அந்த நூறும் ஒரு சான்றே ஆகும். எனவே படியின் காலம், அது எழுதப்பட்ட பகுதி, படிகளுக்கிடையேயான உறவு ஆகியவை கருதப்படுகின்றன. அத்துடன், எந்தப் பாடத்திலிருந்து மற்றப் பாடங்கள் தோன்றியிருக்கக்கூடும் என்ற வினாவும் எழுப்பப்படுகிறது. பொதுவாக, கடினமான பாடமே முந்தையதாக இருக்கக்கூடும் என்பது ஒரு விதியாகும். எழுத்தர் கடினத்தை எளிமையாக்குவாரேயன்றி எளிமையைக் கடினமாக்குவது அரிது என்பதே இதற்குக் காரணம்.

மாற்கு நற்செய்தியின் தொடக்கம் (1:2) இதற்கு எடுத்துக்காட்டாகும். அங்குள்ள மேற்கோள் மலாக்கி, எசாயா ஆகிய இரு நூல்களின் தொடர்களை இணைத்தது. பழைய படிகள் அதனை எசாயாவின் கூற்று என்று மட்டும் குறிக்கின்றன; பிற்காலப் படிகள் பலவும் "இறைவாக்கினர்கள்" எனப் பன்மையில் பொதுவாகக் குறிக்கின்றன. ஒருவர் பெயரை மட்டும் குறிப்பதிலுள்ள குறையைத் தவிர்க்க எழுத்தர்கள் பன்மையாக மாற்றியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. பவர் திருப்புதல் எசாயாவின் பெயரின்றிப் பொதுவாகவும், திருவிவிலியம் எசாயாவின் பெயருடனும் இவ்வசனத்தைத் தருகின்றன.

கிரேக்க அச்சுப் பதிப்புகள்

கிரேக்கப் புதிய ஏற்பாட்டை முதன்முதலில் அச்சிட்டு வெளியிட்டவர் எராசுமசு ஆவார். அவரது பதிப்பு 1516 ஆம் ஆண்டில் பாசெல் நகரில் வெளியானது. அவருக்குக் கிடைத்தவை காலத்தால் பிந்திய சில படிகளே. திருவெளிப்பாட்டு நூலின் இறுதி ஏடு அவரிடம் இல்லாததால், கடைசி வசனங்களை இலத்தீனிலிருந்து கிரேக்கத்திற்கு மொழிபெயர்த்துச் சேர்த்தார். இப்பதிப்பின் வழிவந்த பாடமே பின்னர் "ஏற்கப்பட்ட பாடம்" எனப் பெயர் பெற்று, ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் மொழிபெயர்ப்புகளுக்கு மூலமாக விளங்கியது.

19 ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. சீனாய் மலையடியிலுள்ள புனித கத்தரீன் மடத்தில் 4 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஏட்டுப்பிரதி ஒன்றை செருமானிய அறிஞர் திசெண்டார்ஃபு கண்டறிந்து 1862 ஆம் ஆண்டில் வெளியிட்டார். சீனாய்ப் பிரதி எனப்படும் இதன் பெரும்பகுதி இப்பொழுது இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. இதே காலத்தைச் சேர்ந்த வத்திக்கான் பிரதியும் ஆய்வாளர்களுக்குப் பயன்படலாயிற்று. இவற்றின் அடிப்படையில் வெசுட்கோட், கோர்ட்டு ஆகியோரின் பதிப்பு 1881 ஆம் ஆண்டிலும், நெசுலேயின் பதிப்பு 1898 ஆம் ஆண்டிலும் வெளியாயின. 20 ஆம் நூற்றாண்டில் எகிப்தில் கிடைத்த பாப்பிரசுகள் இன்னும் பழைய சான்றுகளைத் தந்தன.

தமிழ் மொழிபெயர்ப்புகளின் மூலங்கள்

1706 ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், 1708 ஆம் ஆண்டில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711 ஆம் ஆண்டில் முடித்தார். அது 1715 ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் அச்சிட்டு முடிக்கப்பட்டது. பழைய ஏற்பாட்டில் ரூத்து நூல் வரை மொழிபெயர்த்த நிலையில் அவர் 1719 ஆம் ஆண்டில் காலமானார். எஞ்சிய பகுதியை சூல்ச்சு என்பவர் நிறைவு செய்தார். இம்மொழிபெயர்ப்பின் தமிழ்நடையை வீரமாமுனிவர் கடுமையாகக் குறைகூறினார். அக்கால விவாதம் நடையைப் பற்றியதாகவே இருந்தது.

சென்னை வேப்பேரியில் பணியாற்றிய பப்ரீசியசு, தம் புதிய ஏற்பாட்டை 1772 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவரது நடை லுத்தரன் சபையினரிடையே நெடுங்காலம் மதிப்புப் பெற்றிருந்தது. திருநெல்வேலியில் பணியாற்றிய இரேனியசு, மொழிபெயர்ப்பு நெறிகள் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியவர். அவரது புதிய ஏற்பாடு 1833 ஆம் ஆண்டில் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் மேற்கொண்ட மொழிபெயர்ப்புப் பணியில் ஆறுமுக நாவலர் பங்கேற்றார். அது 1850 ஆம் ஆண்டில் வெளியானது.

பல சபையினரும் ஏற்கத்தக்க ஒரு பொதுத் திருப்புதலை உருவாக்க என்றி பவர் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அக்குழு புதிய ஏற்பாட்டைத் திருத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் சீனாய்ப் பிரதி ஐரோப்பாவில் வெளியிடப்பட்டது. முழு விவிலியமும் 1871 ஆம் ஆண்டில் நிறைவுற்றது. வெசுட்கோட் - கோர்ட்டு பதிப்பு அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்தே வந்தது. ஆகவே பவர் திருப்புதல் ஏற்கப்பட்ட பாடத்தையே பின்பற்றியதில் வியப்பில்லை.

புதிய பதிப்புகளைக் கருத்திற்கொண்டு தமிழ் விவிலியத்தைத் திருத்தும் பணியை தென்மார்க்கைச் சேர்ந்த லார்சன் மேற்கொண்டார். அவருடன் ஜி. எசு. துரைசாமி பணியாற்றினார். இத்திருப்புதல் 1936 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர் மோனகன் தலைமையில் மேலும் திருத்தப்பட்டது. எனினும் மக்கள் மனத்தில் ஊன்றிவிட்ட பவர் திருப்புதலின் இடத்தை இவை பிடிக்கவில்லை.

கத்தோலிக்கர் நெடுங்காலம் இலத்தீன் விவிலியத்தையே மூலமாகக் கொண்டனர். 1943 ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயசு விடுத்த சுற்றுமடல், மூலமொழிகளிலிருந்து மொழிபெயர்ப்பதை ஊக்குவித்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-1965) பிற சபையினருடன் இணைந்து மொழிபெயர்க்கவும் வழி திறந்தது. இதன் பயனாக, கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து எபிரேய, கிரேக்க மூலங்களிலிருந்து உருவாக்கிய திருவிவிலியம் 1995 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

வேறுபடும் முக்கிய பகுதிகள்

இறைவேண்டலின் முடிவு (மத்தேயு 6:13): ஆட்சியும் வல்லமையும் மாட்சியும் கடவுளுக்கே உரியவை எனக் கூறும் முடிவுத் தொடர் பவர் திருப்புதலில் உள்ளது. சீனாய், வத்திக்கான் பிரதிகளில் இத்தொடர் இல்லை. வழிபாட்டில் இறைவேண்டலுக்கு மறுமொழியாகக் கூறப்பட்டது பின்னர் ஏட்டில் சேர்ந்தது எனக் கருதப்படுகிறது.

மாற்கு 16:9-20: மேற்கூறிய இரு பிரதிகளிலும் மாற்கு நற்செய்தி 16:8 உடன் முடிகிறது. எஞ்சிய 12 வசனங்களின் நடையும் சொற்களும் நூலின் பிற பகுதிகளிலிருந்து வேறுபடுகின்றன.

யோவான் 7:53 - 8:11: விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைப் பற்றிய நிகழ்ச்சி பழைய கிரேக்கப் படிகளில் இல்லை. சில படிகளில் இது லூக்கா நற்செய்தியில் கூட இடம்பெறுகிறது. நற்செய்தியின் பகுதியாக எழுதப்படாவிடினும், இது பழமையான மரபைச் சார்ந்தது என்று கருதும் ஆய்வாளர் பலர்.

1 யோவான் 5:7: தந்தை, வார்த்தை, தூய ஆவி ஆகிய மூவரும் விண்ணகத்தில் சான்று பகர்வதாகக் கூறும் தொடர் இலத்தீன் மரபில் தோன்றியது. மிகச் சில பிற்காலக் கிரேக்கப் படிகளில் மட்டுமே இது காணப்படுகிறது. எராசுமசு தம் முதல் இரு பதிப்புகளில் இதனைச் சேர்க்கவில்லை. 1522 ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் சேர்த்தார்.

பழைய ஏற்பாடு

எபிரேயப் பாடத்திற்கு மசோரேத்தியர் எனப்படும் யூத அறிஞர்களின் மரபே அடிப்படையாகும். முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய எபிரேயப் படி, 1008 ஆம் ஆண்டைச் சேர்ந்த லெனின்கிராடு பிரதி ஆகும். 1947 ஆம் ஆண்டு முதல் சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த சுருளேடுகள் அதனினும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பழமையானவை. அங்குக் கிடைத்த எசாயா சுருளேடு மசோரேத்தியப் பாடத்துடன் பெரிதும் ஒத்திருந்தது. அதேவேளை, வேறு சில நூல்களில் கிரேக்க மொழிபெயர்ப்புடன் ஒத்த எபிரேயப் பாடங்களும் அங்கு கிடைத்தன.

எசாயா 7:14 இல் உள்ள "அல்மா" என்ற எபிரேயச் சொல் இளம்பெண்ணைக் குறிப்பது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இதனைக் கன்னி எனப் பொருள்படும் "பார்த்தெனோஸ்" என்ற சொல்லால் பெயர்த்தது. மத்தேயு நற்செய்தி (1:23) கிரேக்கத்தையே மேற்கோள் காட்டுகிறது. பவர் திருப்புதல் எசாயாவிலும் "கன்னிகை" என்றே கூற, திருவிவிலியம் எசாயாவில் "இளம்பெண்" என்றும் மத்தேயுவில் "கன்னி" என்றும் தருகிறது. இங்கு எபிரேயப் பாடத்தில் ஐயம் இல்லை. பழைய ஏற்பாட்டு வசனத்தை அதன் சொந்த மொழியின்படி பெயர்ப்பதா, புதிய ஏற்பாடு அதைப் புரிந்துகொண்ட விதத்தின்படி பெயர்ப்பதா என்பதே வினா.

சொல் தேர்வு

மூலபாடம் ஒன்றாக இருக்கும் இடங்களிலும் சொற்கள் வேறுபடுகின்றன. கடவுளைக் குறிக்கப் பழைய கத்தோலிக்க வழக்கில் "சர்வேசுரன்" என்ற சொல்லும், பப்ரீசியசின் மொழிபெயர்ப்பில் "பராபரன்" என்ற சொல்லும், பவர் திருப்புதலில் "தேவன்" என்ற சொல்லும், திருவிவிலியத்தில் "கடவுள்" என்ற சொல்லும் வழங்குகின்றன. அவ்வாறே ஆதியாகமம் தொடக்க நூல் எனவும், யாத்திராகமம் விடுதலைப் பயணம் எனவும், சுவிசேஷம் நற்செய்தி எனவும் மாறின. இம்மாற்றங்கள் 20 ஆம் நூற்றாண்டுத் தமிழ்நடையின் வளர்ச்சியைக் காட்டுகின்றன. இவற்றை மூலபாட வேறுபாடுகளுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது.

விவாதங்கள்

புதிய மொழிபெயர்ப்புகளில் இறைவார்த்தை குறைக்கப்பட்டுள்ளது என்று சில வாசகர்கள் கருதுகின்றனர். திருச்சபை பல நூற்றாண்டுகளாகப் படித்துவந்த பாடத்திற்கே முதன்மை தரவேண்டும் என்பது அவர்களது வாதம். தலைமுறைகளாக மனப்பாடம் செய்து, மரணப் படுக்கையிலும் கூறப்பட்ட வசனங்கள் அடிக்குறிப்பாக மாறுவது அவர்களுக்கு ஒரு பெரிய இழப்பாகவே தோன்றுகிறது.

மூல ஆசிரியர் எழுதாததைச் சேர்ப்பதும் எழுதியதை நீக்குவதைப் போன்ற பிழையே என்பது ஆய்வாளர்களின் மறுமொழி ஆகும். பெரும்பான்மையான வேறுபாடுகள் எழுத்துக்கூட்டலையும் சொல் வரிசையையும் சார்ந்தவை; அவை பொருளை மாற்றுவதில்லை. பொருளை மாற்றும் இடங்களில் வேறுபாட்டை மறைக்காது அடிக்குறிப்பில் தெரிவிப்பதே நேர்மையான பதிப்பு முறை என்றும் அவர்கள் சுட்டுகின்றனர்.

தமிழகத்தில் மதுரை அரசரடியில் 1969 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னையிலுள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி முதலியவற்றில் விவிலிய ஆய்வு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. கிரேக்கமோ எபிரேயமோ அறியாத மாணவரும், இரு தமிழ் விவிலியங்களை ஒப்பிட்டு அடிக்குறிப்புகளைப் படிப்பதன் மூலம் இத்துறையின் அடிப்படைகளை அறிந்துகொள்ள இயலும்.