கொதோ வராத மாலை

'கொதோவுக்காகக் காத்திருத்தல்' என்னும் நாடகத்தில் எதுவுமே நடப்பதில்லை என்போர் உளர். ஒரு பாதை, ஒரு மரம், இரு நாடோடிகள். அவர்கள் காத்திருக்கும் கொதோ இறுதிவரை வருவதில்லை. சாமுவேல் பெக்கெற் பிரெஞ்சு மொழியில் எழுதிய இந்நாடகம் 1953 ஜனவரியில் பாரிசில் முதன்முதல் மேடையேறிற்று. இத்தகைய அபத்த நாடகங்களுக்குப் பொருளின்மையே பொருள் என மாணவர் பரீட்சைத்தாளில் எழுதிவிடுகின்றனர். எனக்கு அது உடன்பாடன்று.

1957இல் கலிபோர்னியாவின் சான் குவென்ரின் சிறைச்சாலையில் கைதிகள் முன்னிலையில் இது நடிக்கப்பெற்றது. கற்றோர் பலரைக் குழப்பிய நாடகம் அவர்களைக் குழப்பவில்லை. காத்திருத்தல் இன்னதென அவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

மன்னாருக்கும் அவ்விளக்கம் வேண்டா. பள்ளிமுனைப் பெருக்கமரம் வறட்சியில் இலையுதிர்த்து நிற்பதையும் மழை கண்டு துளிர்ப்பதையும் அறிவோம். பெக்கெற்றின் மரமும் முதலங்கத்தில் மொட்டையாய் நின்று, இரண்டாமங்கத்தில் நாலைந்து இலை விடுகிறது. உடனே நம்பிக்கை, நம்பிக்கை என்று கூவுவது அவசரம். காலம் கழிந்துவிட்டது என்பதற்கும் அவ்விலைகளே சான்றல்லவா?

2018இல் மன்னார் நகரின் சதொச கட்டட வளவில் மனித எலும்புகள் வெளிப்பட்டன. முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள்! காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் விடைக்காகக் காத்திருந்தனர். 2019இல் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து வந்த காபன் பரிசோதனை அறிக்கை, அவை 15ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலானவை என்றது. அதனை ஏற்காதோர் பலர். அந்திதோறும் ஒரு சிறுவன் வந்து, கொதோ இன்று வரமாட்டார், நாளை வருவார் என அறிவித்துச் செல்லும் காட்சி என் நினைவுக்கு வந்தது.

ஒப்புமை அவ்வளவுதான். நாடோடிகளுக்குக் கொதோவின் முகம் சரியாகத் தெரியாது. தாய்க்கோ மகனின் முகமும் பிறந்த நாளும் இறுதியாக அணிந்த சட்டையின் நிறமும் தெரியும். அவளை அபத்தத்தின் குறியீடாக்குவது அநீதி. அவளுக்கு இந்நாடகம் சொல்ல ஒன்றுமே இல்லாதிருக்கலாம். அருகிருக்கும் நம்மிடந்தான் அது பேசுகிறது.

இரண்டாமங்கத்தில் பார்வையிழந்த பொற்சோ விழுந்து உதவி கேட்டுக் கதறுகிறான். அக்கதறல் மனிதகுலம் முழுமைக்கும் உரியதாயினும், இவ்விடத்தில், இக்கணத்தில் மனிதகுலம் என்பது தாங்கள் இருவருமே என்கிறான் விளாடிமிர். நெடுநேரம் பேசிவிட்டே உதவப்போகிறான். போய்த் தானும் விழுகிறான். சபை சிரிக்கும். சற்று முன்னரோ, உறங்கும் நண்பனின் தோள்மீது தன் மேலங்கியைப் போர்த்திவிட்டு, குளிருக்குக் கைகளை வீசி வீசி அவன் அங்குமிங்கும் நடந்தான். அப்போது எவரும் சிரிப்பதில்லை.