அன்று 5000... இன்று வெறும் 40?

போகிக்குப் பழசையெல்லாம் கழிக்கும்போது, பரண் மேல் இருந்த தகரப் பெட்டியையும் இறக்கினேன். "அதைத் தொடாதேடி, என் ஆஸ்பத்திரிக் காகிதம் இருக்கு" என்று அம்மா தடுத்துவிட்டாள். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலான காகிதம் இனி எதற்கு என்று எனக்குச் சிரிப்பு. ஆனாலும் பெட்டியைத் திரும்ப ஏற்றி வைத்தேன். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று ஆறே மாதத்தில் தெரிந்தது.

1988-ல் அம்மாவுக்கு இடது மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் நடந்தது. பிறகு, எங்கள் பக்கம் சொல்கிற மாதிரி, 'கரண்ட் வைத்தார்கள்'. கரண்ட் இல்லை சகோதரிகளே, அது கதிர் சிகிச்சை. அம்மா பிழைத்து, எங்களை வளர்த்து ஆளாக்கினாள். இப்போது வலது பக்கம் புதிதாக ஒரு கட்டி.

டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே, "முன்னாடி எவ்வளவு கதிர் கொடுத்தாங்க? சீட்டு இருக்காம்மா?" என்பதுதான். ஒரு தடவை கதிர் பட்ட இடம் மறுபடி எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் அடுத்ததைத் தீர்மானிக்க வேண்டுமாம். இதயமும் நுரையீரலும் பக்கத்திலேயே இருக்கின்றனவே! தகரப் பெட்டி மறுபடி இறங்கியது.

பழைய சீட்டில் '5000 ராட், 25 தடவை' என்று இருந்தது. சில நாள் கழித்துக் கையில் கொடுத்த புதுச் சீட்டில் '40 கிரே, 15 தடவை'.

எனக்குப் பகீரென்றது. அன்று 5000, இன்று வெறும் 40! சித்தி வேறு, "வயசானவதானேன்னு பேருக்குக் குடுத்து அனுப்பறாங்களோ என்னமோ" என்று கிளப்பிவிட்டாள். இரவெல்லாம் தூக்கமில்லை.

பைசாவும் ரூபாயும்

மறுநாள், கதிர் அளவுக் கணக்குப் போடுகிற சின்னப் பெண்ணிடம் இரண்டு சீட்டையும் நீட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "அக்கா, ஒருத்தர்கிட்ட 5000 பைசா இருக்கு, இன்னொருத்தர்கிட்ட 50 ரூபாய் இருக்கு. யார் பணக்காரங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணுதானேம்மா!"

"அவ்வளவுதான். ராட் பைசா, கிரே ரூபாய். 100 ராட் சேர்ந்தா 1 கிரே."

அப்படியானால் அம்மா அன்று வாங்கியது 50 கிரே. 25 தடவையாகப் பிரித்ததால் தடவைக்கு 2 கிரே. இப்போது 40 கிரே, 15 தடவை. வகுத்தால் தடவைக்குச் சுமார் 2.67 கிரே, பழைய கணக்கில் 267 ராட். குறைத்துவிட்டார்கள் என்று நான் அழுதேனே, உண்மையில் ஒவ்வொரு தடவையும் அன்றைவிடக் கொஞ்சம் கூடுதல்தான்! தடவைகள் குறைவு, மொத்தமும் சற்றுக் குறைவு. இந்த முறை பல நாடுகளில் சோதித்துப் பார்த்து வழக்கத்துக்கு வந்தது என்று டாக்டரும் விளக்கினார்.

பெயர் ஏன் மாறிற்று?

என் பாட்டி கடைசிவரை புளியை வீசைக் கணக்கில்தான் கேட்பாள். கடைக்காரர் கிலோவில் நிறுப்பார். இதுவும் அந்தக் கதைதான். உலகம் முழுக்க ஒரே அளவு இருக்கட்டும் என்று 1975-ல் கிரே, பெக்கெரல் என்ற அளவுகளும், 1979-ல் சீவர்ட்டும் ஏற்கப்பட்டன. எல்லாம் விஞ்ஞானிகளின் பெயர்கள். அமெரிக்காவில் இன்னும் ராட், ரெம் என்ற பழைய பெயர்களும் புழக்கத்தில் இருக்கின்றன.

கிரேக்கும் சீவர்ட்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு கிலோ குடைமிளகாயும் ஒரு கிலோ காய்ந்த மிளகாயும் தராசில் ஒன்றுதான். வயிற்றுக்கு ஒன்றா? உடம்பு எவ்வளவு கதிரை வாங்கிக்கொண்டது என்று சொல்வது கிரே. அதனால் எவ்வளவு கெடுதல் வரக்கூடும் என்று சொல்வது சீவர்ட். எக்ஸ்ரே, காமா கதிர்களுக்கு இரண்டும் ஒரே எண்தான். ஆல்ஃபா கதிருக்கோ 1 கிரேக்கு 20 சீவர்ட்!

எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

* 100 ராட் = 1 கிரே. சில சீட்டுகளில் 'சென்டி கிரே' என்று இருக்கும். 1 சென்டி கிரே = 1 ராட்.
* 100 ரெம் = 1 சீவர்ட். 1 ரெம் = 10 மில்லி சீவர்ட்.
* 1 மில்லி கியூரி = 37 மெகா பெக்கெரல். தைராய்டுக்கு அயோடின் மருந்து கொடுக்கும்போது இந்தக் கணக்கு வரும். 10 மில்லி கியூரி என்றால் 370 மெகா பெக்கெரல்.
* ராண்ட்ஜன் என்பது காற்றில் அளக்கும் பழைய அளவு. எக்ஸ்ரே உடம்பில் படும்போது 1 ராண்ட்ஜன் ஏறக்குறைய 1 ராட்.

பயப்படலாமா?

மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம் எல்லார் மேலும் கதிர் பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. உலகச் சராசரி வருஷத்துக்கு 2.4 மில்லி சீவர்ட், அதாவது 240 மில்லி ரெம். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1 மில்லி சீவர்ட்டோ அதற்கும் குறைவோதான். வயிற்று சி.டி. ஸ்கேன் கொஞ்சம் அதிகம், 8 முதல் 10 மில்லி சீவர்ட், ஏறக்குறைய 1 ரெம். தேவை என்று டாக்டர் சொன்னால் எடுங்கள். நாமாக 'எதற்கும் ஒரு ஸ்கேன்' என்று கேட்க வேண்டாம். நாள் தள்ளிப் போயிருந்தால் மேஜையில் படுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

"40 கிரே இவ்வளவு பெரிசா?" என்று கேட்கிறீர்களா? உடம்பு முழுவதும் ஒரே தடவையில் 4, 5 கிரே பட்டாலே உயிருக்கு ஆபத்து. சிகிச்சையில் ஒரே இடத்துக்கு மட்டும், நாள் பிரித்துக் கொடுப்பதால்தான் தாங்குகிறது. ஆகவே எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லைப் பாருங்கள். மில்லியா, மைக்ரோவா என்றும் பாருங்கள். 1000 மைக்ரோ சேர்ந்தால்தான் 1 மில்லி.

அம்மாவுக்குப் பதினைந்து தடவையும் முடிந்துவிட்டது. தோல் கொஞ்சம் கறுத்திருக்கிறது, களைப்பு இருக்கிறது. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள், எனக்கு அதுவே போதும். புதுச் சீட்டையும் பழைய சீட்டோடு தகரப் பெட்டியில் வைத்து, மேலே 'எறியாதே' என்று பெரிசாக எழுதிவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தால், இந்தத் தடவை போகிக்கு அதை விட்டுவிடுங்கள். எரிக்க வேறு குப்பையா இல்லை?