கிற்றார்க் கலைஞரும் கருவித் தெரிவும்

பண்டைத் தமிழர் யாழ் என்னும் பெயரால் ஒரு கருவியை மட்டுங் குறித்தாரல்லர். சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், 21 நரம்புடைய பேரியாழ், 19 நரம்புடைய மகரயாழ், 14 நரம்புடைய சகோடயாழ், 7 நரம்புடைய செங்கோட்டியாழ் என நால்வகையை எடுத்துரைப்பர். நம் நாட்டவரான விபுலானந்த அடிகள், 1947 இல் வெளிவந்த தமது யாழ்நூலில், மறைந்துபோன அக்கருவிகளைக் கணித வழியால் மீட்டுக் காட்ட முயன்றார். நால்வகை யாழும் இன்று வழக்கில் இல்லை. நரம்பிசையில் அவை பெற்றிருந்த இடத்தை வீணை பெற்றது. கலைஞர் ஒரு கருவியை விட்டு மற்றொன்றை நாடுவது ஏன்? புதுமை வேட்கையாலா, பிறரைப் பார்த்துச் செய்யும் போலியாலா, அன்றிக் கருவியினிடத்தே ஏதேனும் காரணம் உண்டா? இவ்வினாவை நம் காலத்து மின்கிற்றாரை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா எனக்கு நூலகத்திற் பிறந்ததன்று; இராகலையில், ஒரு தோட்டத்து மாரியம்மன் திருவிழா மேடையின் பின்புறத்திற் பிறந்தது. என்னிடங் கற்ற மாணவன் ஒருவன் இசைக்குழு ஒன்றிற் கிற்றார் வாசிப்பவன். அவன் தாய் கொழுந்து பறித்துச் சேர்த்த சீட்டுப் பணத்தில், இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேற்பட்ட தொகை கொடுத்து, ஒருவர் வாசித்துக் கழித்த வெண்ணிறக் கிற்றார் ஒன்றை வாங்கினான். அடுத்த ஆண்டு பார்த்தால் அது கையில் இல்லை. செம்பழுப்பு நிறத்திற் பருத்த வேறொன்று இருந்தது. அதற்கடுத்த ஆண்டு மீண்டும் முதல் வகையே வந்து சேர்ந்தது. லயத்துப் பெரியவர்கள் அவனை நிலையில்லாதவன் என்றனர். தாயின் வியர்வையை விற்று விளையாடுகிறான் என்று சொன்னவரும் உளர். உண்மையை உரைப்பதானால், யானும் அவ்வாறே எண்ணினேன். ஒருநாள் அழைத்துக் கண்டிக்கவுஞ் செய்தேன். அவன் அமைதியாகச் சொன்ன மறுமொழியை விளங்கிக்கொள்ள எனக்குச் சில மாதப் படிப்பு வேண்டியிருந்தது.

மின்கிற்றாரின் அடிப்படை எளிது. உருக்குக் கம்பிகளின் கீழ் ஒரு காந்தமும், அதனைச் சுற்றி மிக நுண்ணிய செப்புக் கம்பியால் ஆயிரக்கணக்கிற் சுற்றிய சுருளும் அமைந்திருக்கும். இவ்வுறுப்பைப் பிக்கப் என்பர். கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசைகின்றது. அசைவு சுருளில் மின்னோட்டத்தை எழுப்புகின்றது. அதனை ஒலிபெருக்கி பெரிதாக்குகின்றது. அமெரிக்காவில் 1932 இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் கருவியே இவ்வழியில் வெற்றிகண்ட முதற் கிற்றார். அது மடியிற் கிடத்தி வாசிப்பது, வார்ப்பு அலுமினியத்தாலானது, வடிவு நோக்கி அதனைத் தோசைக்கல் என்னாது பொரிசட்டி என்று அந்நாட்டார் நகைத்தழைத்தனர். பின்னர் 1936 இல் கிப்சன் நிறுவனம் சாதாரணப் பெட்டிக் கிற்றாரிற் பிக்கப்பைப் பொருத்தியது. இங்கே ஓர் இடர் எழுந்தது. குடைவான பெட்டி, ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசையைத் தானே வாங்கி மீளவும் அதிர்ந்து ஊளையிடும். நம் கோயில்களில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு அருகே கொண்டுசென்றால் எழும் கூச்சலும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அதற்கு மருந்து பெட்டியை ஒழிப்பது. உள்ளே குடைவில்லாத திண்மரக் கட்டையிற் கம்பியைப் பூட்டினால் ஊளை குறையும். வேறொரு நன்மையும் உண்டு: பெட்டியை அதிரச் செய்வதில் ஆற்றல் விரைந்து செலவாகாமையால், மீட்டிய சுரம் நெடுநேரம் நின்றொலிக்கும். இந்தக் கார்வை என்ற சொல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக. நமது இசைக்கு வருங்கால் அது பயன்படும்.

திண்மரக் கிற்றாரில் இரு பாணிகள் அடுத்தடுத்துத் தோன்றின. வானொலி திருத்துபவராயிருந்த லியோ ஃபெண்டர் கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். அவர் 1950 இல் ஒரு கருவியை வெளியிட்டார். அது 1951 முதல் டெலிகாஸ்டர் எனப் பெயர்பெற்றது. 1954 இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. இவற்றின் கழுத்து திருகாணியாற் பூட்டப்பட்டது. பழுதுற்றால் மேசையைக் கழற்றுவதுபோலக் கழற்றலாம். கம்பியின் அதிரும் நீளம் ஏறத்தாழ 64.8 சென்ரிமீற்றர்; பிக்கப் ஒற்றைச் சுருள். ஓசை கணீரென்று கூர்மையாக, ஒவ்வொரு சுரமும் தனித்து விளங்க வரும். கிப்சன் நிறுவனமோ 1952 இல், லெஸ் பால் என்னுங் கலைஞரின் பெயரால் வேறொரு வகையை வெளியிட்டது. அதன் கழுத்து பசையால் ஒட்டப்பட்டது; உடல் மஹோகனி மரத்தின்மேல் மேப்பிள் மரம் பதித்தது; கம்பி நீளம் 62.9 சென்ரிமீற்றர். 1957 முதல் அதற்கு இரட்டைச் சுருள் பிக்கப் பொருத்தப்பட்டது. ஓசை கனத்துக் குழைந்து வரும்.

இரண்டு சென்ரிமீற்றருக்குங் குறைந்த நீள வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதோ எனின், தக்கதே. ஒரே பருமனுள்ள கம்பியை ஒரே சுருதிக்குக் கூட்டும்போது, இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்கிட்டாற் குறுகிய கருவியில் இழுவிசை நூற்றுக்கு ஆறளவு குறையும். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை உயர்த்தும் விரலுக்கு அந்த ஆறு பெரிது.

சுருளின் வேறுபாடு இன்னும் பெரிது. எமது நாட்டில் மின்சாரம் நொடிக்கு 50 சுற்றாகத் திசைமாறி ஓடுவது. அவ்வோட்டமுள்ள கம்பிகளும், குழல்விளக்கின் சோக்குகளும், மின்மாற்றிகளும் தம்மைச் சுற்றி ஒரு காந்தப் புலத்தைப் பரப்புகின்றன. ஒற்றைச் சுருள் அதனையும் கம்பியின் அதிர்வென்றே எண்ணி வாங்கிக்கொள்ளும். விளைவு, வண்டு முரல்வது போன்ற ஓயாத இரைச்சல். இரட்டைச் சுருளில் இரண்டும் எதிரெதிராய்ச் சுற்றப்பட்டு, அவற்றின் காந்த முனைகளும் எதிரெதிராய் வைக்கப்பட்டுள்ளன. வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றில் ஏறும்போது மற்றொன்றில் இறங்கி, இரண்டுங் கூடி மாய்கின்றது. கம்பியின் அதிர்வோ, சுற்றும் மாறிக் காந்தமும் மாறியதால், இருமுறை மாறி ஒரே திசையிற் கூடுகின்றது. ஹம்பக்கர் என அதற்கு வழங்கும் பெயருக்கு இரைச்சலை எதிர்ப்பது என்பதே பொருள்.

இவ்விரு பாணிகளுக்கிடையே மேல்நாட்டுக் கலைஞர் ஊஞ்சல்போல ஆடியிருக்கின்றனர். லெஸ் பால் வகை கனமானதென்றும் பழைய பாணியென்றும் விலக்கப்பட்டு, 1961 அளவில் அதன் முதல் வடிவிற் செய்யப்படாது நின்றது. 1966 இல் இங்கிலாந்தில் எரிக் கிளாப்ரன் அதனையே எடுத்து, ஒலிபெருக்கியை அதன் எல்லைவரை முடுக்கி வாசித்த இசைத்தட்டு வெளிவந்தது. முடுக்கப்பட்ட ஒலிபெருக்கியோடு சேர்ந்த இரட்டைச் சுருள், வயலின்போல் நீண்டு பாடக் கேட்டவர்கள் பழைய கருவிகளைத் தேடத் தொடங்கினர். 1968 இல் நிறுவனமும் மீண்டும் செய்யலாயிற்று. அதற்குள் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், வலக்கையர்க்குச் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் தலைகீழாய்ப் பிடித்து இடக்கையால் வாசித்து, ஊஞ்சலை மறுபுறந் தள்ளிவிட்டார். விந்தை யாதெனின், லெஸ் பாலை மீட்டெழுப்பிய கிளாப்ரனே 1970 அளவில் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு மாறினார். 1978 அளவில் எடி வான் ஹேலன் ஒருவகைச் சமரசங் கண்டார்: ஃபெண்டர் வடிவான உடலிற் கிப்சன் கிற்றார் ஒன்றின் இரட்டைச் சுருளைப் பொருத்திக்கொண்டார். 1980களில் அக்கலப்புப் பாணி எங்கும் பரவிற்று. 1991 இல் நிர்வாணா குழுவின் கேர்ட் கோபேன், எவரும் மதியாது மலிவாய்க் கிடந்த ஃபெண்டர் வகைகளை மேடைக்குக் கொண்டுவர, அவற்றின் விலையும் பின்னர் ஏறியது. இந்த இறுதி மாற்றத்திற் போலி மிகுதியென்பது என் கருத்து. கிளாப்ரன், வான் ஹேலன் ஆகியோரின் மாற்றங்களிற் காரணம் மிகுதி.

நம் நாட்டிற்கு வருவோம். ஹப்புத்தளையிற் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தன, 1960களில் மூன்ஸ்டோன்ஸ் குழுவின் வழியாகச் சிங்கள மெல்லிசையில் மின்கிற்றாரை நிலைநிறுத்தினார். தமிழிற் பொப்பிசை என்ற பெயரில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிய பாட்டுகளிலும் கிற்றாரே முன்னின்றது. ஆயினும் அவற்றிற் கிற்றாரின் தொழில் பெரும்பாலும் தாளத்துக்கு இணங்கச் சுரக்கூட்டுகளைத் தட்டிச் செல்வதே. அதற்கு எப்பாணியும் ஏற்கும். சங்கடம் பிறப்பது கமகத்தில்.

நமது இசையிற் சுரம் நின்ற இடத்தில் நிற்பதன்று. அசைந்தும் வழுக்கியும் அண்டைச் சுரத்தைத் தொட்டு மீண்டும் உயிர்பெறுவது. வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் உயர்ந்து நிற்பதால், ஒரே மெட்டில் நரம்பை இழுத்து அடுத்துள்ள சுரங்களையும் எழுப்பலாம். கிற்றாரிற் கழுத்து மரம் விரலைத் தடுக்கின்றது. ஜோன் மக்லாக்லின் என்னும் ஆங்கிலக் கலைஞர் வீணையும் பயின்றவர். மின்கிற்றாராற் பெரும்புகழ் எய்திய பின்னர், 1970களின் நடுவில் எல். சங்கர், சாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு சக்தி என்னுங் குழுவிற் சேர்ந்தபோது, அவர் மின்கிற்றாரையே ஒதுக்கிவைத்தார். மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரத்தைக் குடைந்து பள்ளமாக்கி, தம்புராவைப்போல் உடனொலிக்கும் தனிக் கம்பிகளையுஞ் சேர்த்த பெட்டிக் கிற்றார் ஒன்றைச் செய்வித்துக்கொண்டார். வீணையின் உயர்ந்த மெட்டைக் கிற்றாரிற் காணும் வழி அது. 1990களின் பிற்பகுதியில் அக்குழுவை மீண்டும் எழுப்பியபோது மின்கிற்றாருக்கே திரும்பினார். அப்போது அவர் அருகில் அமர்ந்து வாசித்தவர்களுள் ஒருவர் மாண்டலின் சீனிவாஸ்.

சீனிவாஸின் வரலாறு இவ்வாராய்ச்சிக்கு அச்சாணி போன்றது. ஆந்திரத்துப் பாலகொல்லுவில் 1969 இற் பிறந்த அவர், சிறுவனாய் இருந்தபோதே அரங்கேறினார். 2014 இற் காலமானார். மேல்நாட்டு மாண்டலினில் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாய் இணைந்திருக்கும். இணைக்கம்பிகளை ஒருசேர இழுத்தால் இரண்டும் ஒத்த அளவில் உயர்வதில்லை, சுருதி பிளவுபடும். நீளமோ கிற்றாரிற் பாதியளவே. மீட்டிய ஒலி கண்சிமிட்டும் நேரத்தில் அடங்கிவிடும். அடங்கிய ஒலியிற் கமகம் எங்கே பிடிப்பது? அவர் இணைக்கம்பிகளை ஒழித்து ஒற்றைக் கம்பிகளாக்கினார். கீழ்ச் சுரங்களுக்காக ஐந்தாவது கம்பியைச் சேர்த்தார். திண்மர உடலில் மின் பிக்கப்பை ஏற்றார். மேற்கே ஊளையை ஒழிக்கப் பிறந்த திண்மரக் கட்டை, இங்கே கார்வையைத் தந்து கமகத்தைத் தாங்கிற்று. இது கருநாடக இசைக்கு ஏற்குமோ என முதலில் ஐயுற்ற முதியோரும் பின்னர் அவர் கச்சேரிகளுக்குத் தவறாது சென்றனர். கிற்றார் பிரசன்னா முதலியோர் மின்கிற்றாரிலேயே கீர்த்தனைகளை வாசிக்கும் வழியும் இதனைச் சார்ந்ததே.

இனி என் மாணவனின் மறுமொழியைச் சொல்லலாம். முதல் ஆண்டு வெண்ணிறக் கிற்றாரோடு மேடையேறியபோது, கோயிலின் அலங்கார வளைவில் நிறையக் குழல்விளக்குகள். நிலக்கம்பி சரியாய் இணைக்கப்படாத ஒரு நீட்சிக் கம்பியிலிருந்தே மேடை முழுவதற்கும் மின்சாரம். பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் எழுந்த இரைச்சல் அம்மன் சந்நிதிவரை கேட்டது. ஒலிபெருக்கிக்காரர் எல்லார் முன்னிலையிலும் அவனது இணைப்பைப் பிடுங்கிவிட்டார். கூட்டத்தில் அவன் தாயும் இருந்தார். நட்டத்துக்கு விற்று இரட்டைச் சுருள் கிற்றாரை வாங்கினான். இரைச்சல் நின்றது, ஆனால் நாதசுரத்தோடும் இரண்டு கீபோட்டுகளோடும் சேர்ந்து வாசிக்கும்போது அதன் கனத்த ஓசை அவற்றுள் அமிழ்ந்துபோயிற்று. இழுத்துப் பிடித்த கமகம் அவனுக்கே கேட்கவில்லை. கூர்மை வேண்டி மீண்டும் ஒற்றைச் சுருளுக்கு வந்தான்.

இம்முறை படத்தைப் பார்த்து வாங்கவில்லை. மூன்று பிக்கப் உள்ள இக்காலக் கிற்றார்கள் பலவற்றில் நடுச்சுருள் மட்டும் மாறிச் சுற்றப்பட்டிருக்கும். தெரிவுச் சாவியை இரண்டாம் அல்லது நான்காம் இடத்தில் வைத்தால், நடுச்சுருளும் அண்டைச் சுருளும் கூடி, இரட்டைச் சுருளைப்போலவே இரைச்சலை மாய்க்கும். கூர்மையும் பெரிதுங் கெடாது. வாங்குமுன் அதனைச் சோதித்திருக்கிறான். தனிச்சுருளில் வாசிக்க நேர்ந்தால் வேறோர் உபாயமும் உண்டு. சுருள் காந்தப் புலத்துக்கு எத்திசையில் நிற்கிறதோ அதற்கேற்ப இரைச்சல் ஏறியிறங்கும்; ஆதலின் மேடையில் மெல்லத் திரும்பிப் பார்த்து, இரைச்சல் அடங்கும் திசையில் நின்று வாசிக்கிறான்.

சென்ற திருவிழாவில் அத்திசை அலங்கார வளைவுக்கு ஒருக்களித்து அமைந்துவிட்டது. இளைஞர்கள் அதனை ஒரு நாகரிக நிலையென்று கருதிக் கைதட்டினர். அவன் தாய் மட்டும் மறுநாட்காலை என்னிடம் வந்து, "சேர், இவ்வளவு காசு போட்டு வாங்கிட்டு, அம்மனைப் பாத்து நின்னு வாசிக்கக் கூடாதா அவன்?" என்று கேட்டார். யான் ஒரு தாளெடுத்துச் சுருளையும் காந்தத்தையும் வரையத் தொடங்கினேன்.