இழுவையா, வேகமா?

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குச் செல்வோரில் பலர் கூட்டரசு நெடுஞ்சாலை வழியாக மோட்டார் சைக்கிளில் பயணம் செய்கின்றனர். அந்நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கெனத் தனித்தடம் உண்டு. அங்கு நீண்ட நேரம் ஒரே சீரான வேகத்தில் செல்ல முடியும். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் உணவு கொண்டு சேர்ப்பவரின் நிலை வேறு. சமிக்ஞை விளக்குகளில் நின்று நின்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிளம்ப வேண்டும். இருவரும் ஒரே வகைக் ‘கப்சாய்’ வண்டியை ஓட்டினாலும் அவ்வண்டியிடம் அவர்கள் எதிர்பார்ப்பது ஒன்றல்ல. ஆகவேதான் சிலர் பட்டறைக்குச் சென்று, ‘ஸ்ப்ரோக்கெட்’ எனப்படும் பற்சக்கரத்தை மாற்றிக்கொள்கின்றனர்.

மோட்டார் சைக்கிளில் இரண்டு பற்சக்கரங்கள் உள்ளன. சிறியது முன்புறம், கியர் பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டில் பொருத்தப்பட்டிருக்கும். பெரியது பின்சக்கரத்தோடு இணைந்திருக்கும். இவ்விரண்டையும் சங்கிலி இணைக்கிறது. இன்று பயன்பாட்டில் உள்ள உருளைச் சங்கிலியை 1880ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் உருவாக்கினார்.

முன் பற்சக்கரத்தில் 14 பற்களும் பின் பற்சக்கரத்தில் 42 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். 42ஐ 14ஆல் வகுத்தால் 3 கிடைக்கும். அதாவது, முன் பற்சக்கரம் மூன்று முறை சுழன்றால்தான் பின்சக்கரம் ஒரு முறை சுழலும். இந்த எண்ணே பற்சக்கர விகிதம் எனப்படும். விகிதம் கூடினால் பின்சக்கரத்தின் இழுவிசை கூடும். ஆனால், இயந்திரத்தின் ஒவ்வொரு சுழற்சிக்கும் வண்டி கடக்கும் தூரம் குறையும். விகிதம் குறைந்தால் இதற்கு நேர்மாறாக நிகழும். பல கியர்கள் கொண்ட சைக்கிளில் மேடேறும்போது பெரிய பின் பற்சக்கரத்திற்கு மாறுவதும் இதே அடிப்படையில்தான்.

முன் பற்சக்கரத்தில் ஒரே ஒரு பல்லைக் குறைத்து 13 ஆக்கினால், விகிதம் ஏறத்தாழ 3.23 ஆகும். வண்டி விரைந்து கிளம்பும். பின்னால் ஒருவர் அமர்ந்திருந்தாலும் கெந்திங் மலைச்சாலை போன்ற ஏற்றத்தில் எளிதாக ஏறும். மாறாக, ஒரு பல்லைக் கூட்டி 15 ஆக்கினால் விகிதம் 2.8 ஆகும். முன்பு மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் தந்த அதே இயந்திரச் சுழற்சி, 15 பற்களில் ஏறத்தாழ 96 கிலோமீட்டரும் 13 பற்களில் ஏறத்தாழ 84 கிலோமீட்டரும் தரும். முன்னால் ஒரு பல்லைக் குறைப்பது, பின்னால் மூன்று பற்களைக் கூட்டுவதற்கு ஏறக்குறைய ஈடாகும். மேலும், இம்மாற்றம் ஒரு கியரை மட்டும் பாதிப்பதில்லை. முதல் கியர் முதல் கடைசிக் கியர் வரை அனைத்தையும் ஒருசேர மாற்றிவிடும்.

அப்படியானால், முன் பற்சக்கரத்தைப் பெரிதாக்கினால் வண்டியின் உச்ச வேகம் கூடிவிடுமா? பலர் அவ்வாறே நம்புகின்றனர். பற்சக்கரம் இயந்திரத்தின் ஆற்றலைக் கூட்டுவதில்லை. வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பும் விரைவாகக் கூடுகிறது. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். சிறிய இயந்திரம் கொண்ட வண்டியால் அவ்வெதிர்ப்பை மீற முடியாமல் போகலாம். அப்போது கடைசிக் கியர் இருந்தும் பயனில்லை. எதிர்காற்று வீசினாலோ சிறு மேடு வந்தாலோ ஓட்டுநர் கீழ்க் கியருக்கு இறங்க வேண்டிவரும். லாரியை முந்திச் செல்லும் வேளையில் வண்டி இவ்வாறு தயங்கினால், அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

சிறிய முன் பற்சக்கரத்திற்கும் விலை உண்டு. நெடுஞ்சாலையில் முன்பு சென்ற அதே வேகத்தில் செல்ல இயந்திரம் கூடுதலாகச் சுழல வேண்டும். அதனால் இரைச்சலும் அதிர்வும் மிகும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகலாம். அதோடு, சிறிய பற்சக்கரத்தைச் சுற்றும்போது சங்கிலி கூர்மையாக வளைவதால் விரைவில் தேய்கிறது. நாள்தோறும் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே செல்பவருக்கு இது சிறு செலவன்று.

பற்சக்கரத்தை மாற்றும்போது சில செய்திகளைக் கவனத்தில் கொள்ள வேண்டும். சங்கிலியும் பற்சக்கரங்களும் ஒரே அளவு எண்ணைக் கொண்டிருக்க வேண்டும். 420, 428 ஆகிய இரு வகைச் சங்கிலிகளிலும் கண்ணிகளின் இடைவெளி 12.7 மில்லிமீட்டரே. ஆயினும், அவற்றின் அகலம் வேறுபடுவதால் ஒன்றிற்குரிய பற்சக்கரத்தை மற்றொன்றோடு பயன்படுத்தக் கூடாது. தேய்ந்த சங்கிலி புதிய பற்சக்கரத்தையும் தேய்த்துவிடும் என்பதால் மூன்றையும் சேர்த்தே மாற்றுவது நலம். பற்களின் எண்ணிக்கை மாறினால் சங்கிலியின் நீளத்தையும் தொய்வையும் கையேட்டில் கூறியுள்ளவாறு சரிசெய்ய வேண்டும். சில வண்டிகளில் வேகமானி, கியர் பெட்டியின் சுழற்சியைக் கொண்டே வேகத்தைக் கணிக்கிறது. அத்தகைய வண்டியில் முன் பற்சக்கரத்தைப் பெரிதாக்கினால், வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். ஓட்டுநர் தம்மை அறியாமலேயே வேக வரம்பை மீறக்கூடும்.

மலேசியாவில் 16 வயது நிறைந்தவர் பி2 வகை ஓட்டுநர் உரிமம் பெறலாம். முதல் வண்டி கைக்கு வந்ததும் அதை மாற்றியமைக்கும் ஆவல் இளையோருக்கு எழுவது இயல்பே. நண்பர் மாற்றினார் என்பதற்காகத் தாமும் மாற்றாமல், தாம் செல்லும் சாலை எது, சுமக்கும் பாரம் எவ்வளவு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகளை அறிந்து, திறமையான பட்டறைப் பணியாளரின் ஆலோசனையையும் பெற வேண்டும். இழுவையைக் கூட்டினால் வேகத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும். வேகத்தை நாடினால் இழுவையில் ஒரு பங்கை இழக்க வேண்டும். இக்கணக்கை அறிந்தவர், தம் தேவைக்கு ஏற்ற பற்சக்கரத்தைத் தெரிவுசெய்வார். தொழிற்சாலையில் பொருத்தப்பட்டதே போதும் என்ற முடிவுக்கும் வரலாம்.