பணம் யாருக்குப் போகிறது, ஐயா?

வங்கி கவுண்டரில் பல வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். முதிர்வுக்கு முன்பே எஃப்.டி.யை உடைக்க வரும் பெரியவர்கள், நாம் கேட்பதற்குள் காரணத்தைச் சொல்லிவிடுவார்கள்: பேத்தி கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு. காரணமே சொல்லாமல், போனை இறுக்கிப் பிடித்தபடி "சீக்கிரம் ஆர்.டி.ஜி.எஸ். போடுங்க சார்" என்று பதறுகிறவரைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு கலங்கும்.

'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடியில் சிக்கியவர் அப்படித்தான் வந்து நிற்பார். உங்கள் ஆதார் எண்ணில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது என்று ஒரு போன் வரும். அடுத்து வீடியோ காலில் போலீஸ் சீருடை, முத்திரை குத்திய வாரண்ட். சேமிப்பு முழுவதையும் 'சரிபார்ப்பு'க்கு அனுப்புங்கள், திரும்பி வந்துவிடும் என்பார்கள். இதில் கொடிய பகுதி, "பெற்ற பிள்ளையிடம்கூட மூச்சு விடக்கூடாது, விட்டால் அவரும் உள்ளே போவார்" என்பதுதான். பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்தே பல பெரியவர்கள் வாய் திறப்பதில்லை.

உலகம் தெரியாதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2024-ல் லூதியானாவின் ஜவுளித் தொழிலதிபர் எஸ்.பி. ஓஸ்வாலிடம், அவருடைய 82-வது வயதில், போலியான உச்ச நீதிமன்ற விசாரணையையே வீடியோவில் நடத்திக் காட்டி 7 கோடி ரூபாய் பறித்தார்கள். அவர் வெட்கப்படாமல் புகார் கொடுத்தார். 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது.

வீடியோ காலில் கைது செய்வதற்கு நம் சட்டத்தில் இடமே இல்லை. போலீசோ சி.பி.ஐ.யோ பணத்தை அனுப்பச் சொல்லிச் சரிபார்ப்பதும் இல்லை.

கவுண்டரில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வரிசை நீளமாக இருந்தாலும் அப்படிப் பதறி வரும் பெரியவரை உட்காரவையுங்கள். போனை அணைக்கச் சொல்லுங்கள். "பணம் யாருக்குப் போகுது ஐயா? வீட்டில் யாருக்குத் தெரியும்?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.

பணம் போய்விட்டால் நிமிஷங்கள்தான் கணக்கு. மோசடிக்காரர்கள் வாடகைக்கு எடுத்த கணக்குகளில் அது துண்டு துண்டாகப் பிரிந்துகொண்டே இருக்கும். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்தால், எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்க வாய்ப்புண்டு. "இந்த வயசில் புத்தி எங்கே போச்சு?" என்று மகன் கேட்பானே என்று பயந்து ஒரு ராத்திரி மறைத்தாலும் அந்த வாய்ப்பு நழுவும். வீட்டில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து 1930-ஐ நீங்களே போடுங்கள். கணக்கு எண், பணம் போன நேரம், பரிவர்த்தனை எண் மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; முதலில் அவற்றைத்தான் கேட்பார்கள்.