பட்டணத்துப் படிப்பும் மாலைப் பொழுதும்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவந்த கையோடு, பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பலாமா, பக்கத்து ஊர்க் கல்லூரியிலேயே சேர்த்துவிடலாமா என்ற ஆலோசனை நம் சிற்றூர்க் குடும்பங்களில் தொடங்கிவிடுகிறது. கட்டணம், கட்-ஆஃப், பின்னால் கிடைக்கக்கூடிய உத்தியோகம் ஆகியவற்றைப் பற்றி மணிக்கணக்கில் விசாரிக்கும் பெரியவர்களுள், அந்தப் பிள்ளை எங்கே தங்கும், அதன் மாலைப் பொழுது எப்படிக் கழியும் என்று விசாரிப்பவர் மிக அபூர்வம்.

இந்தக் கேள்வியில் நம் கல்வி நிலையங்களும் ஒரே வழியில் சென்றதில்லை. 1857இல் லண்டன் சர்வகலாசாலையை முன்மாதிரியாகக் கொண்டு ஸ்தாபிக்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம், ஆதியில் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்குவதையே பிரதான காரியமாகக் கொண்டிருந்தது. மாணவன் எங்கே வசிக்கிறான் என்பது அதன் கவலையாக இருக்கவில்லை. 1929இல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழும் லட்சியத்தை மேற்கொண்டது. நகரின் சந்தடியை விட்டு 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியும் விடுதி வாழ்வைக் கல்வியின் ஓர் அங்கமாகவே போற்றியது.

ஆயினும், நகரத்துக் கல்லூரியின் ஐசுவரியம் அதன் மதிலுக்கு வெளியே இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். எழும்பூரில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதிகள் சட்டப்படி வந்துசேரும் நான்கு நூலகங்களுள் ஒன்று. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் பழந்தமிழ் அச்சு நூல்களையும் பத்திரிகைகளையும் பேணி வருகிறது. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நாளெல்லாம் உட்கார்ந்து படிக்கலாம். மார்கழியில் பல சபாக்களின் பகல் கச்சேரிகளுக்குச் சீட்டே வேண்டாம். சரித்திரமோ இலக்கியமோ பயிலும் மாணவனுக்கு இவை வகுப்பறைக்குச் சமானமான ஆசான்கள். பட்டணத்தில் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று அஞ்சுவாரும் உண்டு. அந்த அச்சத்தையும் நான் அலட்சியப்படுத்தவில்லை.

என் கவலை வேறு. வாடகை குறைவென்று கூடுவாஞ்சேரியில் அறை பிடித்து, சேப்பாக்கத்தில் படிக்கும் மாணவன், மின்சார ரயிலில் நின்றபடியே வந்து, பறக்கும் ரயிலுக்கு மாறி, மாலையில் அதே நெரிசலில் திரும்பும்போது, நாளுக்கு மூன்று மணி நேரத்தைப் பிரயாணத்துக்கே பலி கொடுக்கிறான். சோறும் துணி துவைப்பதும் போக அவனிடம் எஞ்சுவது களைப்புதான். கன்னிமாராவின் வாசலை ஒருமுறையேனும் மிதிக்காமல் அவன் பட்டம் பெற்றுப் போகக்கூடும். அப்படியானால் ஊருக்கருகில் படித்திருந்தால் அவன் இழந்திருக்கக்கூடியது என்ன? ஆண்கள் தங்கும் திருவல்லிக்கேணி மேன்ஷனில், காற்று நுழையாத அறையைப் பகிர்ந்துகொண்டு, மெஸ் சாப்பாட்டில் காலம் தள்ளுகிறவனுக்கோ, எத்தனை அசௌகரியம் இருப்பினும், நடந்து போகும் தூரத்தில் கல்லூரி இருக்கிறது, மாலை முழுவதும் அவன் கைவசம் இருக்கிறது.

பெண்களுக்கு அந்த மேன்ஷனும் கிடையாது. ஆறு மணிக்குத் தொடங்கும் நல்லதொரு சொற்பொழிவு முடியுமுன்பே பல பெண்கள் விடுதிகளில் கதவு அடைபடும் நேரம் நெருங்கிவிடுகிறது. அண்ணனுக்குத் திறந்திருக்கும் நகரம் தங்கைக்குப் பாதிப் பொழுதிலேயே சாத்தப்படுவது எனக்குப் பெரிய அநியாயமாகத் தோன்றுகிறது. ஆகவே, மகளைச் சேர்க்க வரும் தகப்பனார், கல்லூரிக் கட்டடத்தைப் பார்த்த கையோடு விடுதிக்கும் சென்று, “கூட்டம் கேட்டுவிட்டு எட்டரைக்கு வந்தால் உள்ளே விடுவீர்களா, அம்மா?” என்று காப்பாளரிடம் தாமே கேட்டு, பதில் தெரிந்த பிறகு பணத்தைக் கட்டட்டும்.