கற்றல் இடர்ப்பாடும் உடற்பயிற்சியும்

விழா மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவர் பலர்க்கு முதலில் நினைவில் வருவது விளையாட்டு மைதானமே. அம்மைதானத்தில் முன்னின்ற சிலர், வகுப்பறையிலே கடைசி வாங்கிலிருந்து, வாசிக்கும் முறை தம்மிடம் வந்துவிடுமோவென அஞ்சியிருந்ததும் அவர்க்கு நினைவிருத்தல் கூடும். அத்தகைய பிள்ளைகளைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

1896 ஆம் ஆண்டில் பிறிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில வைத்தியர், பதினான்கு வயதுச் சிறுவனொருவனைப் பற்றி மருத்துவச் சஞ்சிகையொன்றில் எழுதினார். அவன் அறிவிற் குறைந்தவனல்லன், விளையாட்டிற் சுறுசுறுப்பன், கணிதமும் அவனுக்கு இடர் தரவில்லை. ஆயினும் பல்லாண்டு கற்பித்தும் மிகச் சிறிய சொற்களையன்றி வாசிக்க அறியான்; தன் பெயரையே எழுத்து முறைமாறி எழுதினான். இவ்வகை இடர்களுக்குக் 'கற்றல் இடர்ப்பாடு' என்னும் பொதுப்பெயர், 1963 இல் சாமுவேல் கேர்க் என்னும் அறிஞர் சிக்காகோவில் பெற்றோர் மாநாட்டில் ஆற்றிய உரையின் பின்னரே பரவிற்று. அதற்கு முன்னும், ஏன், அதற்குப் பின்னுங்கூட, நம்மிடை வழங்கிய பெயர்கள் 'மொக்கு', 'சோம்பேறி' என்பனவே.

தமிழெழுத்தில் இவ்விடர் தனிக்கோலம் கொள்ளும். 'கொ' என்பதனைச் செவி கேட்கும்போது ககரவொலி முன்னும் ஒகரவொலி பின்னுமாகக் கேட்கும். எழுதும்போதோ கொம்பு முன்னும் அரவு பின்னும் நிற்க, ககரம் நடுவே அகப்படும். இதனைப் பிழையின்றி எழுதும் பிள்ளை, செவியிற் பட்டதை உடனே எழுத விரையும் கையை அடக்குகிறான். கேட்ட ஒலியை மனத்திற் பிடித்து வைக்கிறான். ஒலிமுறையை விட்டு வரிமுறைக்கு மாறுகிறான். அடக்கல், நினைவில் நிறுத்தல், மாறுதல் என்னும் இம்மூன்றையுமே உளநூலார் சிந்தனையை நடத்தும் ஆற்றல்களென்பர். கற்றல் இடர்ப்பாடுடைய பிள்ளைகள் பலரிடத்தில் இவை தளர்ந்து காணப்படும்.

இனி, கிளித்தட்டை எண்ணிப் பாருங்கள். ஆடுவோன் முன்னே பாய எத்தனித்துக் காலை அடக்குகிறான். கிளி எங்கே நிற்கின்றதென்பதை மனத்தில் வைத்திருக்கிறான். கணப்பொழுதில் மறுபக்கம் திரும்புகிறான். கொப்பியில் வேண்டப்படும் அதே மூன்றும் இங்கே வேண்டப்படுகின்றன.

இஃது என் கற்பனையன்று. கவனம் நிலைக்காத கோளாறு, வாசிப்பிடருடன் பலரிடத்துக் கூடி நிற்பது. 2013 இல் அமெரிக்காவின் இல்லினோய்ப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வொன்றில், எட்டு முதற் பத்து வயதுடையோரில் இக்கோளாறுடைய 20 பிள்ளைகளும், அஃதில்லாத 20 பிள்ளைகளும் பங்குபற்றினர். ஒருநாள் 20 நிமிடம் ஓடும் பட்டைப் பொறியின்மேல் உடற்பயிற்சி. மற்றொருநாள் அவ்வளவு நேரமே அமர்ந்து வாசித்தல். உடற்பயிற்சியின் பின் இரு சாராரும் கவனத்தை அடக்கும் சோதனையிற் பிழை குறைத்தனர். வாசித்துப் பொருளுணர்தலிலும் கணிதத்திலும் மேம்பட்டனர். இருபதே நிமிடம்!

எனினும் ஒன்றை மறைத்தலாகாது. ஒடுங்கிய மரச்சட்டத்தின்மேல் நடக்கப் பயிற்றினால் வாசிப்புத் தானே வருமென்னும் கொள்கை 1960களில் அமெரிக்கப் பள்ளிகளிற் பெரிதும் போற்றப்பட்டது. கவால், மற்சன் என்னும் இருவர் 1983 இல் 180 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, அத்தகைய பயிற்சியாற் பயன் இல்லையென்றே கண்டனர். ஓட்டம் எழுத்தைக் கற்பியாது; கற்பதற்குரிய மனத்தைச் சிறிதுபோழ்து ஆயத்தமாக்கும். அதன்பின் எழுத்தெழுத்தாய், ஒலியொலியாய்க் கற்பிக்கும் கடன் ஆசிரியனுடையதே.

பயிற்றப்பட்ட ஆசிரியனென்னும் பத்திரத்தோடு வந்த புதிதில், பிழை மலிய எழுதும் பிள்ளைகளை இடைவேளையிலும் உடற்பயிற்சிப் பாடவேளையிலும் மறித்து வைத்துப் பார்த்தெழுதச் செய்தேன். அக்கறையென்றே எண்ணிச் செய்தேன். அடுத்த பாடத்தில் அவர்கள் எழுத்து முன்னையினும் கெட்டது; ஒருவன் தாளைக் கிழித்தே எறிந்தான். அவனுக்கு வேண்டியிருந்ததனையே யான் பறித்திருந்தேன் என்பதை அறியப் பல்லாண்டு சென்றது. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலோ, இயலாமையுடைய பிள்ளைகளையும் உள்ளடக்கி, நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலசைவு வேண்டுமென்கிறது. புலமைப்பரிசில் வகுப்புகளுக்கு மாலைப்பொழுதையும் கொடுத்துவிட்ட நம் சிறார்க்கு அது கிட்டுவது எங்ஙனம்?

இப்போது சொல்வதெழுதலுக்கு முன் பத்து நிமிடம் வகுப்பை வெளியே அழைத்துச் செல்கின்றேன். கொம்பும் அரவும் இன்னும் இடம்மாறத்தான் செய்கின்றன. ஆனால் தாள் கிழிவதில்லை. உடற்பயிற்சிப் பாடத்தைத் தமிழ்ப் பாடத்திற்கு முன்னே வைக்குமாறு நேரசூசி வகுப்போரைக் கேட்டுள்ளேன்.